மண் மாதிரிப் பைகளுக்கு பார்கோடு: கையில் இருக்கும் சின்னக் கருவிகளிலேயே ஸ்கேனர் சேர்ப்பது எப்படி?

மண்வெட்டி:
அறுவடை முடிந்த நிலங்களில் மண் மாதிரி எடுக்கும் வேலை. கையில் 8 ஆண்ட்ராய்டு கருவிகள், 5 அங்குலத் திரை. எல்லாவற்றிலும் பின்கேமரா உண்டு, ஆனால் 3 கருவிகளில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. படிவம் ஓடிகே கலெக்ட் என்ற தகவல் சேகரிக்கும் ஆப்பில். இப்போது பை எண்ணைக் கையால் தட்டுகிறார்கள். ஊர்ச் சுருக்கம், சர்வே எண், வரிசை எண் எல்லாம் சேர்ந்து சுமார் 12 எழுத்து. ஆய்வகத்துக்குப் போனால் பையில் ஒரு எண், படிவத்தில் ஒரு எண். ஒரு ஆளுக்கு நாளைக்கு அதிகபட்சம் 60 பை. லேபிள் இன்னும் அச்சடிக்கவில்லை. புதுக் கருவி வாங்கப் பணம் கிடையாது. கேமராவே போதுமா, ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கலாமா, இல்லை சின்ன ஸ்கேன் மாட்யூல் வாங்கி உள்ளே பொருத்தலாமா?

கோடுபடிப்பவன்:
60 பைதானே? கேமரா போதும். ஆனால் அந்த 3 கருவிகளுக்காக லேபிளின் அளவை இப்போதே முடிவு செய்ய வேண்டும். அச்சடித்த பிறகு யோசித்துப் பயனில்லை.

ஆட்டோஃபோகஸ் இல்லாத கேமராவுக்குக் கிட்டத்தில் பிடித்தால் படம் மங்கும். 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால்தான் ஓரளவு தெளிவு. கேமராவின் பார்வை அகலம் சுமார் 60 டிகிரி என்று வையுங்கள். 40 செ.மீ. தூரத்தில் அது 46 செ.மீ. அகலத்தைப் பார்க்கும். கேமரா 5 மெகாபிக்சலாக இருந்தாலும் ஸ்கேன் செய்யும் ஆப் பெரும்பாலும் 1280 பிக்சல் அகல முன்னோட்டப் படத்தைத்தான் ஆராயும். 46 செ.மீ.யை 1280ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.36 மி.மீ. பார்கோட்டின் மிக மெல்லிய கீற்று குறைந்தது 2 பிக்சல், நிம்மதியாகப் படிக்க 3 பிக்சல் இருக்க வேண்டும். அதாவது 0.7 முதல் 1.1 மி.மீ. வரை.

இந்த அளவில் கோட் 128 என்ற ஒற்றை வரிக் கோடு போட்டால் என்ன ஆகும்? 12 எழுத்துக்குத் தொடக்கக் குறியும் சரிபார்ப்புக் குறியும் சேர்த்து 14 குறிகள், குறிக்கு 11 கீற்று. அதோடு முடிவுக் குறிக்கு 13, இரு பக்க வெற்றிடத்துக்குப் பத்துப் பத்தாக 20. மொத்தம் 187 கீற்று. கீற்றுக்கு 1 மி.மீ. என்றால் ஏறக்குறைய 19 செ.மீ. நீளம். பையைவிட லேபிள் பெரிதாகிவிடும்! அதே எண்ணைக் கியூஆரில் போட்டால் மிகச் சிறிய வடிவத்தில், அதாவது 21-க்கு 21 கட்டத்தில் அடங்கும். சுற்றிலும் 4 கட்ட வெற்றிடம் சேர்த்து 29 கட்டம். கட்டத்துக்கு 1 மி.மீ. என்றால் 29 மி.மீ. சதுரம். கியூஆருக்கே போங்கள்.

ஆட்டோஃபோகஸ் உள்ள 5 கருவிகளுக்கு இந்தக் கவலை இல்லை. 12 செ.மீ. தூரத்தில் ஒரு பிக்சல் 0.11 மி.மீ. தான்.

சாலிடர்சாமி:
கேமரா போதும்னு சொல்றது மேசையில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குச் சரி. வயல்ல மத்தியான வெயில்ல திரையே தெரியாது. ஒரு கையில பை, இன்னொரு கை முழுக்க மண். திரையைத் தொட்டு, கேமரா திறக்குறவரை காத்திருந்து, குறி பார்த்து... 60 பைன்னாலும் எரிச்சல்தான். எரிச்சல் வந்தா ஆளுங்க மறுபடி கையால தட்ட ஆரம்பிச்சிடுவாங்க.

ப்ளூடூத் ஸ்கேனர்னா பொத்தானை அமுக்கினா போதும். ஆனா 2டி இமேஜரா (கியூஆர் மாதிரி சதுரக் கோட்டையும் படமெடுத்துப் படிக்கிற வகை) பாத்து வாங்குங்க. கியூஆர்னு முடிவு பண்ணிட்டா லேசர் ஸ்கேனர் உதவாது. அதுக்கு ஒற்றை வரிக் கோடு மட்டும்தான் தெரியும். விலை கம்மின்னு லேசர் வாங்கிட்டு வந்து நிக்காதீங்க.

வெயில் விஷயத்துல ஒண்ணு. இமேஜர் வெயில்ல நல்லாவே படிக்கும், ஆனா குறி காட்டுற சிவப்புப் புள்ளி வெயில்ல கண்ணுக்குத் தெரியாது. பச்சைப் புள்ளி உள்ளது கொஞ்சம் மேல். எதுவா இருந்தாலும் உங்க நிழல் லேபிள் மேல விழுற மாதிரி திரும்பி நின்னா சிக்கல் பாதி தீரும்.

ரிப்பன்:
எல்லோரும் ஸ்கேனரைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த வேலையில் படிக்க முடியாமல் போவதும் தப்பாகப் பொருந்துவதும் முக்கால்வாசி லேபிளிலும் எண் அமைப்பிலும்தான் தொடங்குகிறது. ஸ்கேனர் கடைசிக் கண்ணி.

முதலில் எண். ஊர்ச் சுருக்கம், சர்வே எண் எதையும் எண்ணுக்குள் திணிக்காதீர்கள். அதெல்லாம் படிவத்தில் தனிக் கேள்வியாக இருக்கட்டும். லேபிளில் வெறும் வரிசை எண் 6 இலக்கம், சரிபார்ப்பு 2 இலக்கம், மொத்தம் 8 இலக்கம். சர்வே எண்ணைச் சேர்த்தால் வயலில் நின்றுதான் லேபிள் அச்சடிக்க வேண்டி வரும். வெறும் எண் என்றால் மொத்தமாக முன்கூட்டியே அச்சடித்துச் சுருளாகக் கையில் கொடுத்துவிடலாம்.

வரிசை எண்ணை 000001-இல் தொடங்க வேண்டாம். எக்செல் முன்னால் உள்ள சுழியங்களைத் தின்றுவிடும். 100001-இல் தொடங்குங்கள்.

சரிபார்ப்பு இலக்கம் கண்டுபிடிக்க: 6 இலக்க எண்ணுக்குப் பின் இரண்டு சுழியம் சேர்த்து 97ஆல் வகுத்து, வரும் மீதியை 98-இலிருந்து கழிக்கவும். 100001 என்றால் 10000100. அதை 97ஆல் வகுத்தால் மீதி 79. 98-இல் 79 போனால் 19. லேபிள் எண் 10000119. விடை ஒற்றை இலக்கமாக வந்தால் முன்னால் ஒரு சுழியம். சரியான எந்த லேபிளையும் 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் இது தவறாமல் காட்டிக்கொடுக்கும். ஓடிகே படிவத்தின் கட்டுப்பாட்டு (constraint) பத்தியில் ஒரே வரியில் எழுதிவிடலாம், அங்கே மீதி காணும் mod குறி உண்டு. லேபிள் கிழிந்து கையால் தட்ட வேண்டிய நாளில்தான் இதன் அருமை தெரியும். அதனால் எண்ணைக் கண்ணால் படிக்கும்படி 6 மி.மீ. உயரத்தில் கியூஆருக்குக் கீழே, வெற்றிடத்துக்கு வெளியே அச்சடியுங்கள்.

எண் மட்டும் என்பதில் இன்னொரு லாபம். 21 கட்டக் கியூஆரில் பிழை திருத்தத்தை உச்ச நிலைக்கு, அதாவது சுமார் 30 சதவீதச் சேதம் தாங்கும் நிலைக்கு வைத்தாலும் 17 இலக்கம் வரை அடங்கும். உங்கள் பழைய 12 எழுத்து எண்ணுக்கு அதே நிலையில் 10 எழுத்துதான் இடம், பெரிய கட்டம் தேவைப்படும். சிறிய ஆங்கில எழுத்து கலந்தால் இன்னும் மோசம், 7 எழுத்துதான். மண் ஒட்டும் வேலைக்கு அந்த உச்ச நிலை வேண்டும்.

அடுத்தது அச்சு. சாதாரண லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது மி.மீ.க்கு 8 புள்ளி. கட்டத்தின் அளவு முழுப் புள்ளிகளில் வர வேண்டும். 1 மி.மீ. என்றால் சரியாக 8 புள்ளி. வேர்டில் படமாக ஒட்டி இழுத்துப் பெரிதாக்கினால் ஒரு கட்டம் 7 புள்ளி, பக்கத்துக் கட்டம் 9 புள்ளி என்று விழும். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஸ்கேனர் திணறும். பிரிண்டரின் சொந்தக் கட்டளையிலேயே, அது இசட்பிஎல் ஆனாலும் டிஎஸ்பிஎல் ஆனாலும், கியூஆரை வரையச் சொல்லுங்கள்.

பொருள்: ரிப்பன் (மை நாடா) இல்லாமல் சூட்டில் கறுக்கும் தெர்மல் தாள் வேண்டவே வேண்டாம். வெயிலில் நின்ற ஜீப்பின் முகப்புப் பலகையில் ஒரு மதியம் கிடந்தால் முழுத்தாளும் கறுத்துப் போகும். பாலியஸ்டர் லேபிளும் பிசின் மை பூசிய ரெசின் ரிப்பனும் போடுங்கள். மெழுகு ரிப்பன் தாளுக்குத்தான். பாலியஸ்டரில் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும்.

துணிப்பையா, பாலித்தீனா? துணிப்பை என்றால் ஸ்டிக்கர் ஒட்டாது. துளையிட்ட பாலியஸ்டர் அட்டையை நூலால் பை வாயில் கட்டுங்கள். சுருக்கம் விழாமல் தட்டையாகத் தொங்கும், படிக்கவும் எளிது. ஒரே எண்ணில் மூன்று பிரதி அச்சடிக்க வேண்டும். ஒன்று பைக்கு வெளியே, ஒன்று சின்ன ஜிப் உறையில் போட்டுப் பைக்கு உள்ளே, மூன்றாவது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மண்வெட்டி:
துணிப்பைதான் சார். மூன்றாவது பிரதி எதற்கு?

ரிப்பன்:
உலர்த்தும் தட்டுக்கு. வயலில் 10-20 இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்துக் கழித்து, அரைக் கிலோவாகக் குறைத்துப் பையில் போட்டுவிடுவீர்கள். அதுவரை ஒரு பை, ஒரு எண், சிக்கல் இல்லை. அதன்பின் நிழலில் உலர்த்தத் தட்டில் கொட்டுகிறார்கள், பொடித்து 2 மி.மீ. சல்லடையில் சலிக்கிறார்கள், டப்பாவில் போடுகிறார்கள். மண் பாத்திரம் மாறும் ஒவ்வொரு தடவையும் எண் கைமாறுகிறது. எண் பொருந்தவில்லை என்று நீங்கள் வயலைக் குறை சொல்கிறீர்கள், பாதி தப்பு இந்த உலர்த்தும் கூடத்தில் நடந்திருக்கும். மூன்றாவது பிரதியைக் கிழிக்கும்படி வெளி அட்டையிலேயே துளைக்கோடு போட்டுச் சேர்த்துவிடுங்கள். தட்டில் கொட்டும்போது அது தட்டோடு போகட்டும், பிறகு டப்பாவோடு. டப்பாவை மூடும் இடத்தில் ஒரு கருவியை வைத்து, டப்பாவை ஒரு தடவை, காலிப் பையை ஒரு தடவை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றில்லை என்றால் படிவம் நகரக் கூடாது.

மண்வெட்டி:
புரிந்தது. ஒரு ப்ளூடூத் 2டி ஸ்கேனரை இரவல் வாங்கி இணைத்துப் பார்த்தேன். மூன்று தொல்லை. இணைத்ததும் திரை விசைப்பலகை காணாமல் போகிறது. ஆங்கில எழுத்து உள்ள கோடுகளில் சில பெரிய எழுத்து சின்னதாக விழுகிறது. மடிக்கணினியில் இணைத்தால் தமிழ் எழுத்தாக வருகிறது!

சாலிடர்சாமி:
மூணுக்கும் வேர் ஒண்ணுதான். ஸ்கேனர் எச்ஐடி முறையில இருக்கு, அதாவது தன்னை ஒரு விசைப்பலகைன்னு அறிமுகப்படுத்திக்குது. அது எழுத்தை அனுப்புறதில்ல, எந்த விசை அமுங்கினதுங்கிற எண்ணைத்தான் அனுப்புது. அந்த விசைக்கு என்ன எழுத்துன்னு முடிவு பண்றது கணினி. மடிக்கணினியில தமிழ் 99 விசைப்பலகை அமைப்பு இயங்கிட்டிருந்தா ஸ்கேனர் தமிழ்லதான் தட்டும், பாவம். ரிப்பன் சொன்ன மாதிரி வெறும் எண்ணா இருந்தா இந்தத் தொல்லையே வராது. இதுக்காகவே எழுத்தை விட்டுடுங்க.

பெரிய எழுத்து சின்னதாகுறதும் அதே கதை. ஷிஃப்ட் விசையை அமுக்கி எழுத்தை அனுப்புற வேகத்தை அந்தப்பக்கம் பிடிக்க முடியல. ஸ்கேனர் கையேட்டுல எழுத்துக்கு இடையே தாமதம் வைக்கிற அமைப்புக் கோடு (ஸ்கேன் பண்ணினா ஸ்கேனரோட அமைப்பை மாத்துற பார்கோடு) இருக்கும், 10-20 மில்லி விநாடி வச்சா சரியாகும்.

திரை விசைப்பலகைக்கு ஆண்ட்ராய்டு அமைப்புகள்ல, வெளி விசைப்பலகை இணைஞ்சிருந்தாலும் திரை விசைப்பலகையைக் காட்டுன்னு ஒரு தெரிவு இருக்கு. ஆன் பண்ணுங்க.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பின்னால என்ட்டர் விசை போகுதா, டேப் போகுதா, ஒண்ணுமே போகலையான்னு பாருங்க. அதையும் அமைப்புக் கோடுலயே மாத்தலாம். இன்னொண்ணு, எச்ஐடி முறையில கர்சர் எங்க நிக்குதோ அங்கதான் எண் விழும். விவசாயி பெயர்க் கட்டத்துல கர்சர் இருக்கும்போது பொத்தான் அமுங்கினா, விவசாயி பெயர் 10000119 ஆயிடும். பெயர்க் கட்டத்துல இலக்கம் வந்தா ஏத்துக்காதேன்னு ஒரு கட்டுப்பாடு போட்டு வைங்க.

கோடுபடிப்பவன்:
அதோடு ஸ்கேனரில் கியூஆர் தவிர மற்ற எல்லா வகைக் கோடுகளையும் அணைத்துவிடுங்கள். வயலில் உர மூட்டை, பூச்சிமருந்துப் புட்டி எல்லாம் பக்கத்தில் கிடக்கும். அதன் 13 இலக்கக் கோடு தவறி உள்ளே வரும். நீளம் சரியாக 8 என்ற கட்டுப்பாடு பிடித்துவிடும்தான், ஆனால் வாசலிலேயே நிறுத்துவது நல்லது. குறிப்பாக இன்டர்லீவ்டு 2 ஆஃப் 5 என்ற வகை கோணலாகப் படித்தால் பாதி எண்ணோடு நின்று, அதையே முழு எண்ணாகக் கொடுக்கும் குணம் உள்ளது.

தறிநாடா:
ஆண்ட்ராய்டை விட்டுவிட்டு ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினிப் பலகை, சின்னத் திரை, படித்த எண்ணைச் சீரியல் கம்பியில் அனுப்பும் ஸ்கேன் மாட்யூல் வைத்து நாமே கட்டினால்? மாட்யூலை எப்படி இணைப்பது?

சாலிடர்சாமி:
கட்டலாம். இந்த வேலைக்குத் தேவையான்னா தேவையில்ல, ஆனா ஆசைக்குச் சொல்றேன்.

முதல்ல சீரியல்னு போட்டிருந்தா எந்த சீரியல்னு பாருங்க. டிடிஎல் மட்டமா (0-வுக்கும் 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கும் நடுவுல), நிஜ ஆர்எஸ்-232 மட்டமா (பழைய கணினி சீரியல் போர்ட் முறை)? ஆர்எஸ்-232-ல மின்னழுத்தம் மைனஸ் பக்கமும் போகும். அதை நேரா ராஸ்பெரி பையில மாட்டினா அது செத்துரும். அதுக்கு நடுவுல மட்டத்தை மாத்துற மேக்ஸ்3232 சிப் வேணும். சில பழைய ஸ்கேன் எஞ்சின்ல மட்டம் டிடிஎல்லா இருக்கும், துருவம் மட்டும் தலைகீழா இருக்கும். குப்பை எழுத்தா வந்தா பாட் வேகத்தை (சீரியல்ல தகவல் போற வேகம்) மட்டும் மாத்திட்டு உட்கார்ந்திருக்காம இதையும் சந்தேகப்படுங்க.

ராஸ்பெரி பையோட பின்கள் 3.3 வோல்ட் மட்டும்தான் தாங்கும். மாட்யூலுக்கு 5 வோல்ட் சப்ளை கொடுத்தாலும் அதோட சிக்னல் 3.3-தானான்னு மீட்டர்ல பாருங்க. 5 வந்தா, மாட்யூல் அனுப்புற கம்பியில 1 கிலோ ஓம், அங்கிருந்து தரைக்கு 2 கிலோ ஓம். நடுவுல 3.33 வோல்ட் கிடைக்கும். 40 பின் வரிசையில 8-வது பின் அனுப்புறது, 10-வது பின் வாங்குறது. குறுக்கா மாட்டணும், இதோட அனுப்புறது அதோட வாங்குறதுக்கு.

ராஸ்பெரி பை அமைப்புல சீரியல் கன்சோலை அணைக்கணும், சீரியல் போர்ட்டை மட்டும் இயக்கணும். இல்லன்னா ராஸ்பெரி பை துவங்குறப்போ கொட்டுற செய்தியெல்லாம் ஸ்கேனருக்குப் போகும், ஸ்கேனர் படிக்கிற எண் லாகின் பெயரா போகும். மாட்யூல் பெரும்பாலும் யூஎஸ்பி விசைப்பலகை முறையில வரும். கையேட்டுல இருக்கிற சீரியல் அவுட்புட் கோடை ஒரு தடவை ஸ்கேன் பண்ணி மாத்திக்கணும்.

இப்ப பேட்டரி, எல்லாரும் ஏமாறுற இடம். மாட்யூல் படிக்கும்போது 5 வோல்ட்ல 150 மில்லி ஆம்பியர், சும்மா இருக்கும்போது 30-ன்னு வச்சுக்குவோம். 3.7 வோல்ட் பேட்டரியில இருந்து 85 சதவீதத் திறனுள்ள பூஸ்ட் போர்டு (வோல்ட்டை ஏத்துற பலகை) வழியா எடுத்தா, பேட்டரி பக்கம் அது 240-ம் 48-ம் ஆகும். 60 பை, பைக்கு 3 விநாடின்னா மொத்தம் 3 நிமிஷம், 12 மில்லி ஆம்பியர் மணி. ஒண்ணுமே இல்ல. ஆனா 8 மணி நேரம் சும்மா இருக்குறதுக்கு 380-க்கு மேல! படிக்கிறதுக்கு ஆகுறதைவிட முப்பது மடங்கு. அதனால மாட்யூலோட சப்ளையை ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற டிரான்சிஸ்டர்) வழியா கொடுத்து, பொத்தான் அமுக்கும்போது மட்டும் உயிர் கொடுங்க. விழிச்சுக்க கொஞ்சம் நேரம் எடுக்கும், பரவாயில்ல. சப்ளை இல்லாதப்போ அனுப்புற பின்னை உயர் மட்டத்துல விட்டுடாதீங்க. அந்தக் கம்பி வழியாவே மாட்யூல் அரைகுறையா உயிரோட இருந்து மக்கர் பண்ணும்.

பெட்டி: மாட்யூலுக்கு முன்னால கண்ணாடி மாதிரி அக்ரிலிக் சன்னல் வைப்பீங்க. நேரா வச்சா மாட்யூலோட சொந்த விளக்கு வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி அதோட கண்லயே அடிக்கும். சில டிகிரி சாய்ச்சு வைங்க, இல்லன்னா மாட்யூல் மூக்கை சன்னலோட ஒட்டி வச்சு விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவுல கறுப்பு ஃபோம் கொடுங்க. ஓரத்தை அடைக்க சிலிக்கான் போடுறப்போ வினிகர் வாடை அடிக்கிற வகை வேண்டாம், அது தாமிரத்தை அரிக்கும். நியூட்ரல் க்யூர்னு போட்டிருக்கிறதை வாங்குங்க.

இதே கணக்குதான், மண்வெட்டி சார், உங்க ஆண்ட்ராய்டு கருவியை ஓட்டை போட்டு உள்ள பொருத்துறதுக்கும். அது தண்ணி புகாத கருவின்னா ஓட்டை போட்டதோட அந்தத் தகுதி போச்சு. வேண்டாம்.

தறிநாடா:
ஒரு காலத்தில் இதெல்லாம் உள்ளேயே வந்தது. பாம் III கைக்கணினியை வைத்து சிம்பல் நிறுவனம் எஸ்பிடி 1500 என்று லேசர் ஸ்கேனர் பொருத்திய ஒன்றை விற்றது. ரீமோட்டில் போடும் மெல்லிய பேட்டரி இரண்டு போட்டால் போதும். பாக்கெட் பிசி காலத்தில் காம்பாக்ட் ஃப்ளாஷ் துளையில் செருகும் ஸ்கேனர் வந்தது. இப்போது துளை எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ப்ளூடூத் என்கிறார்கள்.

கோடுபடிப்பவன்:
அந்த லேசர், கைபேசித் திரையில் உள்ள கோட்டைப் படிக்காது. அதன் மேல் இருந்த ஆசையெல்லாம் அதோடு போயிற்று.

மண்வெட்டி:
முடிவு: ஆட்டோஃபோகஸ் உள்ள 5 கருவி கேமராவிலேயே ஓடும். மற்ற 3-க்கு ப்ளூடூத் 2டி ஸ்கேனர். லேபிள் பாலியஸ்டர், ரெசின், 8 இலக்கம், 1 மி.மீ. கட்டம். கடைசியாக ஒன்று. ஜிப் உறைக்குள் போடும் உள் லேபிளை உறையோடு சேர்த்து ஸ்கேன் செய்தால் பாதி தடவை படிக்கவில்லை. உறையை ஒவ்வொரு தடவையும் திறக்க முடியாது.

ரிப்பன்:
பளபளப்புதான் காரணம். பாலித்தீனில் ஸ்கேனரின் விளக்கு கண்ணாடிபோலப் பட்டுத் திரும்புகிறது, அந்த இடத்தில் கட்டம் வெள்ளையாக எரிந்துவிடும். நேர் எதிரே பிடிக்காமல் 15 டிகிரி சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கேமராவில் படிப்பதானால் ஃப்ளாஷ் விளக்கை அணையுங்கள். உள் லேபிளுக்கு மட்டும் மேட் பாலியஸ்டர் வாங்கினால் லேபிளின் சொந்தப் பளபளப்பாவது குறையும். உறைக்குள் ஈரம் பனித்துளியாகப் படிந்தால் எந்தச் சாய்வும் உதவாது. ஈர மண்ணோடு உறை இருக்கும் வரை வெளி அட்டையைப் படியுங்கள், மண் உலர்ந்த பிறகு உள் லேபிளைப் படியுங்கள். உறையின் வாயை மூடும் முன் லேபிளின் அச்சுப் பக்கம் வெளியே பார்க்கிறதா என்று ஒரு பார்வை. திரும்பி இருந்தால் கடைசியில் உறையைத் திறக்கத்தான் வேண்டும்.

மண்வெட்டி:
லேபிளை இரண்டாக மடித்து இரு பக்கமும் அச்சு தெரியும்படி போட்டால்?

ரிப்பன்:
போடலாம். ஒரே எண்ணுள்ள இரண்டு ஸ்டிக்கரை முதுகோடு முதுகாக ஒட்டினாலும் சரி. ஆனால் நடுவில் மடிப்பு கியூஆர் மேல் விழக் கூடாது, 4 கட்ட வெற்றிடத்திலும் விழக் கூடாது. அப்படியென்றால் ஒரு எண்ணுக்கு நான்கு பிரதி ஆகிறது, சுருள் ஆர்டர் கொடுக்கும்போது அந்தக் கணக்கில் கொடுங்கள்.